மூன்றாம் இடத்தில் இருப்பவள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள்: முப்பது ஆண்டுகளின் ஆய்வு வெளியீட்டுப் போக்குகள்' என்ற தலைப்பில் எங்கள் நூலகத்தின் வெளியீட்டு ஆய்வுப் பிரிவு ஓர் அறிக்கை தயாரித்து வருகிறது. பீட்டா செல்கள் எனப்படும் இவற்றைப் பற்றி எந்த ஆண்டில் எத்தனை கட்டுரைகள் வந்தன, எந்த நாட்டிலிருந்து வந்தன, எந்தச் சொல் எப்போது பிரபலமாகி எப்போது மறைந்தது, யார் அதிகம் எழுதினார்கள், யாரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதையெல்லாம் எண்ணிப் படமாக வரைவது எங்கள் வேலை. அதிகம் எழுதியவர்களின் வரிசையில் தாங்கள் மூன்றாம் இடத்தில் இருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

சரிபார்க்கும்போது ஒரு சிக்கல் தென்பட்டது. தங்கள் பெயரில் பதிவாகியுள்ளவற்றில் பதினான்கு கட்டுரைகள் வேறொருவர் எழுதியவை. தரவுத்தளம் ஓர் ஆசிரியரை அப்பா பெயரையும் சொந்தப் பெயரின் முதல் எழுத்தையும் வைத்தே அடையாளம் காண்கிறது. ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பெண்கள், ஒரே எழுத்தில் தொடங்கும் பெயருள்ளவர்கள், ஒரே ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரே செல்லைப் பற்றி எழுதுவார்கள் என்று அந்த இயந்திரம் எதிர்பார்க்கவில்லை. இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

பதிவைப் பிரிக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்ட இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். தாங்கள் எழுதாத பதினான்கு கட்டுரைகளும் தங்களுடையவை அல்ல என்று ஒரு வரி எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஆசிரியை ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
வெளியீட்டு ஆய்வாளர்

பி.கு: இது அலுவலகக் கடிதம். இதில் வீட்டு விஷயம் எதுவும் இல்லை. பதிலிலும் இருக்க வேண்டாம்.


மார்ச் 11

அக்கா,

மதிப்பிற்குரிய பேராசிரியரா? படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, திடீரென்று முத்திரை குத்திய உறையில் வாழ்த்துகள். அந்த 'வேறொருவர்' சௌக்கியமா? முழங்கால் வலி என்று சித்தி சொன்னாள், எப்படி இருக்கிறது? வீட்டு விஷயம் வேண்டாம் என்றாய். முழங்கால் அலுவலக விஷயம்தான், நாள் முழுக்க உட்கார்ந்து எண்ணுவதால் வந்தது.

போன் செய்யலாம் என்றால் என் நம்பரை முடக்கி வைத்திருக்கிறாய். அதனால் கடிதம். கையால் எழுதி எவ்வளவு நாளாகிறது, விரல் நோகிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புதிதாகத் தொடங்கும் கணைய ஆய்வு மையத்துக்கு இயக்குநரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருவர் எலிக்குச் சர்க்கரை ஏற்றுவதைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர், ஆனால் உங்கள் வரிசையில் எனக்கு அடுத்தபடி நான்காம் இடத்தில் இருக்கிறாராம். என்னிடமிருந்து பதினான்கைக் கழித்தால் அவர் எனக்கு மேலே போய்விடுவார். தேர்வுக் குழு உங்கள் அறிக்கையைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. இது உனக்குத் தெரியாது என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

ஜூன் வரை இதைக் கிடப்பில் போடு. அதற்குப் பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள். நாம் இருவரும் ஒருத்திதான் என்று ஒரு இயந்திரம் நினைத்துவிட்டுப் போகட்டுமே, உனக்கு என்ன குறைந்துவிட்டது? பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் என்னை உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்போது நீ ஒருநாளும் திருத்தச் சொன்னதில்லை. உனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உன் தங்கச்சி


மார்ச் 19

தங்கச்சிக்கு,

சரி, வீட்டு விஷயமே பேசுவோம். நீயாகக் கதவைத் திறந்துவிட்டாய்.

அம்மாவுக்குக் கண் மங்கி, காலில் புண் ஆறாமல், ஊசியைக்கூடத் தானாகப் போட்டுக்கொள்ள முடியாமல் போனபோது நான் விடுப்பு எடுத்தேன். நீ சின்னவள், படிப்பு முடியவில்லை, உன்னை இழுக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். என் எலிகளையும் என் குளிர்பெட்டியையும் உன் பொறுப்பில் விட்டுப் போனேன். போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் கட்டுரை வந்திருந்தது. எட்டுப் பக்கம். சர்க்கரை நோயில் பீட்டா செல்கள் செத்துப்போவதாகத்தான் அதுவரை எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இல்லை, பல செல்கள் சாகவில்லை, உயிரோடுதான் நிற்கின்றன, இன்சுலின் செய்யும் வேலையைத்தான் மறந்துவிட்டன என்று நான் எழுதினேன். அதை முதலில் பார்த்தது இந்தக் கண். நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி முதலில் கூப்பிட்டதும் உன்னைத்தான்.

ஒன்றரை வருஷம் அம்மாவோடு இருந்துவிட்டு, உடம்பு கொஞ்சம் தேறியதும் நான் திரும்பி வந்தபோது உன் பெரிய கட்டுரை பெரிய இதழில் வந்துவிட்டது. அதே எலிகள், அதே கேள்வி, அதே விடை. மேற்கோள் பட்டியலில் என் கட்டுரை கிடையாது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'மொழித் திருத்தத்துக்கு உதவிய சகோதரிக்கு நன்றி.' பெயர்கூட இல்லை. நான் எதைத் திருத்தினேன்? அம்மாவின் படுக்கை விரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் கேட்டேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பேரு போடலைன்னா என்னக்கா, வீட்டுக்குள்ளதானே இருக்கு." நம் ஆய்வகத் தலைவரிடம் போய் நின்றேன். வாயைத் திறக்காத மனிதர் என்று நாமே அவருக்கு 'நிசப்தம்' என்று பெயர் வைத்தோம், அன்றைக்கும் அந்தப் பெயரைக் காப்பாற்றினார். இப்போது போயும் சேர்ந்துவிட்டார். அந்த ஆய்வகத்தில் அதற்குப் பிறகு எனக்கு மூச்சு முட்டியது. செல்லைப் பார்க்க வேண்டியவள், செல்லைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை எண்ணும் வேலைக்கு வந்தேன்.

இப்போது எண்ணுகிறேன். முப்பது வருஷக் கோட்டை வரைந்தால், உன் கட்டுரைக்குப் பிறகு 'மறதி' என்ற சொல் செங்குத்தாக ஏறுகிறது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள். மேற்கோளைக் காட்டும் எல்லா அம்பும் உன்னை நோக்கி வருகிறது. என் கட்டுரையை நோக்கி வருபவை ஒன்பது, அதில் நான்கு நானே என்னைக் குறிப்பிட்டுக்கொண்டது. அந்த ஒன்பதும் இப்போது உன் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

பதிவை நானே பிரித்துவிடலாமே என்று கேட்டேன். சம்பந்தப்பட்டவளே கை வைக்கக் கூடாது என்று எங்கள் பிரிவுத் தலைவி சொல்லிவிட்டார். ஆகவே உன் ஒரு வரி வேண்டும். ஜூனில் அல்ல, இப்போது. உனக்கு வலிக்கிற நேரத்தில்தான் அது எனக்கு வேண்டும். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உனக்கு வலிக்கிற நேரத்தில் என்கிறாய். நன்றாக இருக்கிறது. நீ எழுதியதிலேயே அந்த ஒரு வரிதான் பூசி மெழுகாத வரி.

எனக்கும் வாய் இருக்கிறது. ஆய்வகத்தில் நீ என்னை எப்படி அறிமுகப்படுத்துவாய், நினைவிருக்கிறதா? "இவ என் தங்கச்சி, குப்பி கழுவ வந்திருக்கா." எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். விருந்தினர் வந்தால், வெளிநாட்டுக்காரர் வந்தால், தேநீர் கொண்டுவருகிறவர் புதிதாக வந்தால்கூட அதே வேடிக்கை. நான் குப்பி கழுவினேன், உண்மை. எலிகளை ராத்திரியும் பகலும் பார்த்துக்கொண்டேன், சிலைடுக்குக் கணையத்தைச் சீவலாக அறுத்தேன், சாயம் ஏற்றினேன். உன் எட்டுப் பக்கத்தில் என் பெயர் எங்கே இருக்கிறது? நன்றியில்கூட இல்லை. நான் உனக்குக் கொடுத்தது ஒரு பொடி எழுத்து வரி. நீ எனக்குக் கொடுத்தது அதுகூட இல்லை.

நீ பார்த்தாய், ஒப்புக்கொள்கிறேன். பார்த்ததை யாரும் வாங்காத ஒரு இதழில் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். அதை உலகம் கேட்கும்படி செய்தது யார்? நான் மூன்று வகை எலியில் செய்து காட்டினேன், மனிதக் கணையத்தில் செய்து காட்டினேன், மாநாடு மாநாடாகப் போய்த் தொண்டை வற்றக் கத்தினேன். உன்னுடையதைப் போலவே விட்டிருந்தால் அந்தச் செல்களை மட்டுமல்ல, அந்தக் கண்டுபிடிப்பையும் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அம்மா போன அன்று நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தாய். சித்தி, மாமா, எல்லோரும் பார்த்தார்கள். அந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன் அக்கா. அம்மா எனக்கும் அம்மாதான்.

உன் கட்டுரையை என்னுடையது என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. இயந்திரம் சொல்கிறது. இயந்திரத்தோடு சண்டை போடு.

ஜூனுக்கு முன்னால் எழுத மாட்டேன்.

தங்கச்சி


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

நேற்று உன் விண்ணப்பம் எங்கள் பிரிவுக்கு வந்தது. தேர்வுக் குழு கடைசிச் சுற்றில் இருப்பவர்களின் வெளியீட்டு விவரத்தை எங்களிடம்தான் சரிபார்க்கக் கொடுக்கிறது. அது என் மேசைக்கு வரவில்லை, எதிர்மேசைக்காரரிடம் போனது. நல்ல மனிதர், எதையும் சத்தம் போட்டுத்தான் படிப்பார். "பீட்டா செல்கள் தம் வேலையை மறக்கின்றன என்பதை என் தொடக்ககாலக் கட்டுரையிலேயே நான் முதன்முதலாகச் சுட்டிக்காட்டினேன்" என்று படித்தார். எந்தக் கட்டுரை என்று கீழே கொடுத்திருந்தாய். எட்டுப் பக்கம். பெயர் ஒத்துப்போகிறது, முகவரி ஒத்துப்போகிறது, சரி என்று குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். நான் முகம் கழுவப் போனேன்.

எங்கேயும் சொன்னதில்லை என்று நீ எழுதிப் பத்து நாள் ஆகிறது. அந்தக் கடிதத்தை எழுதும்போதே விண்ணப்பத்தை அனுப்பியிருந்தாய்.

குப்பி கழுவ வந்தவள் என்று சொன்னது தப்புதான். அதற்கு நீ என்னிடம் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்தாய், எடுத்ததை இன்றுவரை கீழே வைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த எட்டுப் பக்கத்தைக் கடைசியாக எப்போது படித்தாய்? நான் போன வாரம் படித்தேன், உன் பெரிய கட்டுரையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. நீயும் ஒருமுறை அப்படிப் படி. இதைச் சொல்வது வெளியீட்டு ஆய்வாளர் அல்ல. பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்லாதே.

மற்றபடி உன் விருப்பப்படியே ஆகட்டும். பதிவைப் பிரிக்க நான் கொடுத்த ஒப்புதலை இன்று திரும்ப வாங்கிக்கொண்டேன். நீ சொன்னதுபோல் நாம் ஒருத்தியாகவே இருப்போம்.

அக்கா


ஏப்ரல் 15

என் அருமை அக்கா,

உன் கடிதத்தின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். எனக்குத் தெரியும், நீ வாயால் சுடுவாய், கையால் அடிக்க மாட்டாய். விண்ணப்பத்தில் அந்த வரியை என் உதவியாளர் சேர்த்தது, நான் கவனித்திருக்க வேண்டும். விடு.

கட்டுரையைப் படிக்கச் சொல்கிறாய். அது எனக்கு மனப்பாடம், நீ எழுதும்போது பக்கத்திலேயே இருந்தவள் நான்.

மையம் என் கைக்கு வரட்டும். முதல் வேலையாக உனக்கு ஜன்னல் வைத்த ஒரு அறை. எண்ணியது போதும், வந்து நுண்ணோக்கியில் உட்கார். மூன்றாம் மாடிதான், லிப்ட் இருக்கிறது, உன் முழங்காலுக்குத் தொந்தரவில்லை.

உன் தங்கச்சி


மே 9

அக்கா,

என்ன செய்திருக்கிறாய்?

இன்று காலை என் மாணவன் ஒருவன் கதவைத் தட்டி, கணினியைத் திருப்பிக் காட்டினான். என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. உன் எட்டுப் பக்கக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாம். 'ஒரு படம் தவறான சிலைடிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதால், ஆசிரியரின் வேண்டுகோளின்படி' என்று இரண்டு வரி அறிவிப்பு. ஆசிரியர் என்றால் பெயர் இருக்கிறது, அப்பா பெயர், ஒரு எழுத்து. அதைப் பார்க்கிறவன் யாரை நினைப்பான்? அந்தப் பெயரில் இந்தத் துறையில் மூன்றாம் இடத்தில் இருப்பது யார்?

மதியத்துக்குள் கட்டடம் முழுவதும் தெரிந்துவிட்டது. எலிக்குச் சர்க்கரை ஏற்றுகிற அந்த மனிதர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார், அதைத்தான் தாங்க முடியவில்லை. நேர்காணல் இந்த மாதக் கடைசியில். முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு மூலையில் கிடந்த கட்டுரை. யாரும் அதைத் தேடவில்லை, யாரும் அதில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. உன் வாழ்க்கையிலேயே நல்ல கட்டுரை அது ஒன்றுதான், அதைப் போய் உன் கையாலேயே கொன்றிருக்கிறாய். எனக்கு உன்னை நினைத்துப் பயமாக இருக்கிறது.

உடனே இதழுக்கு எழுது. ஆசிரியர் வேறு ஆள் என்று சொல்.

தங்கச்சி


மே 13

தங்கச்சிக்கு,

என் கட்டுரை, நான் திரும்பப் பெற்றேன். அதில் ஒரு படம் தவறு, அது பொய்யில்லை. ஒரு திருத்தக் குறிப்புப் போட்டால் போதும் என்று இதழ்க்காரர்களே சொன்னார்கள். வேண்டாம், முழுதாக எடுத்துவிடுங்கள் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதையும் சொல்கிறேன்.

அது எனக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்காதே. அறிக்கைக்கான எங்கள் விதிப்படி, திரும்பப் பெற்ற கட்டுரையை எண்ணக் கூடாது. 'மறதி'க் கோட்டின் முதல் புள்ளியை நானே அழித்தேன். இப்போது அந்தக் கோடு உன்னிடமிருந்து தொடங்குகிறது. அழித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அழித்தேன். இத்தனை வருஷமாக என் வயிறு எரிந்தது, கொஞ்சம் உனக்கும் எரியட்டும் என்று நினைத்தேன்.

நான் எதற்கு இதழுக்கு எழுத வேண்டும்? குறி உன் பெயரில் அல்லவா இருக்கிறது. நீ எழுது. மிகச் சின்ன வாக்கியம். 'அந்தக் கட்டுரை என்னுடையது அல்ல, என் அக்காவுடையது.' எழுதிய அந்த நிமிடமே சிவப்புக் குறி உன்னை விட்டு என் பெயருக்கு வந்துவிடும், நீ சுத்தம். பதிவும் பிரிந்துவிடும்.

அப்படி எழுதினால் முதலில் பார்த்தது யார் என்பதும் அதிலேயே இருக்கும். உன் விண்ணப்பத்தில் இருக்கும் வரி பொய் என்பதும் இருக்கும். அதுதான் உனக்குக் கசக்கிறது, எனக்குப் புரிகிறது. இரண்டில் ஒன்று: கட்டுரையைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள், அல்லது வைத்துக்கொண்டு கறையையும் சேர்த்து வைத்துக்கொள்.

நேர்காணலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் வாயால் அதைச் சொல். குழுவின் முன்னால் சொல்ல வேண்டாம், எனக்கு ஒரு கடிதத்தில் சொன்னால்கூடப் போதும், நான் இதழுக்கு எழுதி எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொள்கிறேன். இது நான் இறங்கி வரும் கடைசிப் படி.

அக்கா


மே 30

அக்கா,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

எப்படி என்று உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வெள்ளை முடி, மெல்லிய குரல். நான் நினைத்தபடியே முதல் கேள்வி. "திரும்பப் பெற்ற அந்தக் கட்டுரையைப் பத்தி என்ன சொல்றீங்க?"

நீ கேட்ட அந்தச் சின்ன வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாக இருந்தது. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் விட்டிருப்பார்கள். ஆனால் நீ அங்கே அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, 'சொன்னாளா?' என்று காத்திருப்பாய் என்று நினைத்தேன். எனக்கு மனசு வரவில்லை. உன் முன்னால் தலை குனிவதைவிட அவர்கள் முன்னால் கறையோடு நிற்கலாம் என்று தோன்றியது.

"என்னோடதுதான்" என்றேன். "ரொம்ப வருஷம் முன்னாடி எழுதினது. ஒரு படத்துல சிலைடு மாறியிருந்ததை இப்பத்தான் பார்த்தேன். யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நானே திரும்ப வாங்கிட்டேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தன் தவறைத் தானே வெளியே சொல்லும் ஆளைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கடுமையாக எதுவும் கேட்கவில்லை. பத்து வருஷ உழைப்பில் கிடைக்காத நல்ல பெயரை நீ எனக்கு இரண்டு வரி அறிவிப்பில் வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

எழுத்திலும் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தப் பெயரில் உள்ள எல்லாக் கட்டுரைகளும் என்னுடையவையே, வேறு ஆசிரியர் கிடையாது என்று இதழுக்கும் தரவுத்தளத்துக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நீ வேறு ஏதாவது சொல்லப் போனால் பொறாமை பிடித்த சகோதரி என்பார்கள், நான் சொல்ல வேண்டிய அவசியம்கூட இருக்காது.

முதலில் பார்த்தவள் நீ. இந்தக் காகிதத்தில் மட்டும் சொல்கிறேன். இதை நீ யாரிடம் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை, நீ காட்ட மாட்டாய், அவ்வளவு ரோஷம் உனக்கு.

ஜன்னல் வைத்த அறை காலியாகத்தான் இருக்கிறது.

தங்கச்சி


ஜூன் 8

தங்கச்சிக்கு,

வாழ்த்துகள். இந்தத் தடவை அலுவலக வாழ்த்து அல்ல.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்ட மாட்டேன் என்று சரியாகச் சொல்லியிருக்கிறாய், என்னை உன்னளவுக்கு அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. எனக்கும் உன்னைத் தெரியும். அந்தச் சின்ன வாக்கியத்தை நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடக் கூடாதா என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டதும் உண்மை. மாதக் கடைசி வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லியிருந்தால் உன்னைக் காப்பாற்றியிருப்பேன், அப்போது காப்பாற்ற முடிந்தது.

என் எட்டுப் பக்கத்தை நீ இன்னும் திறக்கவில்லை. விண்ணப்பத்தில் உன்னுடையது என்று எழுதியபோது திறக்கவில்லை, நான் படி என்று சொன்னபோது திறக்கவில்லை, சிவப்புக் குறி விழுந்த பிறகாவது திறப்பாய் என்று நினைத்தேன், ஐந்து பேர் முன்னால் என்னோடதுதான் என்று சொல்லப் போகும்போதுகூடத் திறக்கவில்லை. நான் இந்த வேலையில் தினமும் பார்ப்பதுதான் இது. எண்ணிக்கொள்கிறார்கள், குறிப்பிடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை.

இப்போது திற. மூன்றாவது படம். பிறகு உன் பெரிய கட்டுரையைத் திற. ஐந்தாவது படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

ஒரே படம்தான். ஓரத்தில் இருக்கும் சாயக் கறைகூட அப்படியே இருக்கிறது. அது நீ அறுத்த சிலைடு. ஆய்வகத்தில் இருவரும் சிலைடு மேல் பெயருக்கு முதல் எழுத்தை மட்டும் எழுதிப் போடுவோம், இருவருக்கும் அதே எழுத்து. உன்னுடையதை என்னுடையது என்று நினைத்து என் கட்டுரையில் போட்டுவிட்டேன். என் கட்டுரையில் அது வயதான எலியின் கணையம். உன் கட்டுரையில் அது சர்க்கரை ஏற்றிய இளம் எலியின் கணையம். உன்னுடையதுதான் சரி.

நாம் இரண்டு பேராக இருந்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு மேசையில் வேலை செய்த அக்கா தங்கைக்குள் சிலைடு மாறிவிட்டது, அக்கா தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள், தங்கையின் கட்டுரைக்குப் பழுதில்லை. ஒரே ஆள் என்றால் கதை வேறு. ஒரே ஆள் ஒரே படத்தைக் காட்டி ஒருமுறை கிழட்டு எலி என்றாள், இன்னொரு முறை இளம் எலி என்றாள், அதில் ஒன்றைத் தேர்வுக்கு முன்னால் அவசரமாக மறைத்தாள். அவளுடைய பெரிய கட்டுரையை யார் நம்புவார்கள்? அதை நம்பி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கானவற்றை?

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியதும், இதழ்க்காரர்கள் முறைப்படி அந்த ஆசிரியையின் எல்லாப் படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் போட்டிருக்கிறார்கள், இந்த இரண்டும் ஒன்று என்று அது காட்டிவிட்டது. முந்தாநாள் எனக்கு எழுதினார்கள். இந்தப் பெயரில் வேறு ஆசிரியர் கிடையாது என்று பேராசிரியர் உறுதியாகச் சொல்கிறார், திரும்பப் பெறச் சொல்லி எழுதியவர் நீங்கள், நீங்கள் யார், உங்களுக்கு இதில் உரிமை ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். நீங்களும் அவரும் ஒருவர்தானா என்றும் கேட்டிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அம்மா நினைவு வந்தது. நீ எலிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போவது நினைவு வந்தது. உண்டு என்று ஒரு சொல் எழுதினால் நீ பிழைப்பாய், என் கட்டுரையும் எனக்குத் திரும்ப வரும், கறையோடாவது வரும். எனக்கு அது வேண்டும். இந்த வாழ்க்கையில் நானாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

பேராசிரியர் சொல்வதே சரி, எனக்கு அதில் எந்த உரிமையும் இல்லை, அவர் கேட்டுக்கொண்டதற்காகத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதிக் கொடுத்தவள் மட்டும்தான் நான், மொழித் திருத்தத்துக்கு உதவியவள் என்று பதில் எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன்.

கட்டுரை உன்னுடையது. வைத்துக்கொள்.

அக்கா